வலது கைப் பக்கம்

அன்று அந்த பார்மஸி காலேஜ் நடையில் இருந்தவர்கள் இவர்கள். எங்கள் வீட்டு ஆட்கள் நான்கு: என் தம்பி குழந்தைவேல், அவன் மனைவி சிந்தாமணி, அவர்களுடைய ஒரே மகள் மௌனிகா, பிறகு நான், பாவாயி, மௌனிகாவுக்கு அத்தை. எதிர் பெஞ்சில் ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அவள் மகன், இரண்டு. தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர், அவருடைய இரட்டைப் பெண்கள், மூன்று. துணைக்கு யாரும் இல்லாமல் வந்திருந்த கண்ணாடி போட்ட பையன் ஒருவன். பிரின்சிபால் ரூம் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேர் கூப்பிடுகிற பியூன் ஒருவர். கூட்டினால் பதினொன்று வந்தது. இன்றைக்குப் பார்த்து இந்த எண் வரவேண்டாமே என்று மறுபடி எண்ணினேன், கோடியிலிருந்து இந்தப் பக்கமாக, அப்போதும் பதினொன்று. துடைப்பத்தோடு ஒரு அம்மாள் படியேறி வந்தாள், பன்னிரண்டு ஆயிற்று, மூச்சு வந்தது, ஆனால் அவள் இந்த நடையைக் கூட்டாமல் அடுத்த மாடிக்குப் போய்விட்டாள். மணி பத்து இருபது.

எண்ணாமல் இருக்க எனக்கு வராது. முப்பத்தோரு வருஷம் கோழிப்பண்ணைக் குடோனில் முட்டை எண்ணினவள். அட்டைக்கு முப்பது, ஏழு அட்டை ஒரு பெட்டி, இருநூற்றுப் பத்து. கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் சொல்லிவிடும். என் கையில் ஒரு முட்டை குறைந்தது என்று எந்த லாரிக்காரனும் திரும்பி வந்ததில்லை. பேசத்தான் வராது. நாலு பேர் நடுவில் என் பேரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வேன். எட்டாவதோடு படிப்பு நின்றதற்கும் அதுதான் காரணம் என்று அப்பா சொல்லுவார், எழுந்து பதில் சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் நிற்பேனாம். இங்கிலீஷ் எழுத்து ஒன்றிரண்டு தெரியும், கூட்டி வாசிக்க வராது. ஆனால் எண் எல்லாப் பாஷையிலும் எண்தான். காலையில் பஸ்ஸில் மௌனிகா ஒரு தாளை எடுத்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள், ஏன் பார்மஸி படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் சொந்தக் கையெழுத்தில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள், அந்தத் தாள். பக்கம் முழுக்க எறும்பு போல இங்கிலீஷ். நடுவில் மட்டும் எனக்குத் தெரிந்த ஒன்று நின்றது. பதினொன்று. இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில். கண்டக்டர் டிக்கெட் கொடுத்ததும் அவள் தாளை மடித்துவிட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், மைல்கல்லில் என்ன எண் இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இங்கே வந்ததும் பியூன் ஐந்து பிள்ளைகளிடமும் தாளை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நங்கையா, ஒரு வாய் காப்பி குடிங்க. காத்தாலருந்து பச்சைத் தண்ணி படலை உங்க வாயில." சிந்தாமணி பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டுகிறாள். புருஷனுக்கு அக்காள் என்பதால் நான் அவளுக்கு நங்கையா. வந்த நாளிலிருந்து இந்த இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லில் மரியாதை ஒரு நாளும் குறைந்ததில்லை, கோபத்தில்கூட. அவள் விரல்களைப் பார்க்காமல் மூடியை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை, முட்டி முட்டியாக வீங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்த விரல்கள், பிளாஸ்க்கை இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடிக்கிறாள். இந்த விரல்களால் மாத்திரைப் பட்டையை அழுத்தி ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுக்க முடியாது. அதனால்தானே. அங்கேதான் எல்லாம் தொடங்கியது, அந்த அலுமினியத் தாள் இன்னும் கொஞ்சம் மெல்லிசாக இருந்திருந்தால், அல்லது நான் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால், அல்லது. காப்பி சூடாக இருக்கிறது. நாக்கில் பட்டது நல்லதுதான்.

ராசிபுரத்து அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "பாப்பாவுக்கு டாக்டருக்குக் கிடைக்கலீங்களா?" என்கிறாள். "நான் அதுக்குக் கேக்கவே இல்லீங்க," என்கிறாள் மௌனிகா. "எங்க பையனுக்கு ரெண்டு வருசம் கோச்சிங்குங்க. கொஞ்சத்துல போச்சு. சரி, மருந்துக் கடையாச்சும் வெச்சுப் பொழைக்கட்டும்னு கூட்டியாந்தேன்." மகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம்னா எவ்வளவுன்னு அவங்க கேக்கலை," என்கிறான். குழந்தைவேலுக்குச் சிரிப்பு. அவன் போர்வெல் ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரிலும் ஒரிசாவிலும் இருப்பான், வீட்டில் இருக்கும் நாட்களில் எதற்கெடுத்தாலும் சிரிப்பான். "எங்க புள்ளைக்கு மருந்துக் காயிதம் இருந்தாப் போதுங்க, சோறே வேண்டாம். சேத்து வெச்சிருக்கா பாருங்க, பழைய பேப்பர்க்காரனே மெரண்டு போயிட்டான்." எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது அவன் ராய்ப்பூரைத் தாண்டி எங்கோ இருநூறு அடியில் தண்ணீருக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் காகிதங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. மருந்து அட்டைப்பெட்டிக்குள் நான்காக, எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள், யாரும் படிக்காமல் எறிவது. மெடிக்கல் ஷாப் குருமூர்த்தி அவளுக்காகவே எடுத்து வைப்பார். "இதை எழுதுனவனே இவ்வளவு அக்கறையாப் படிச்சிருக்க மாட்டான் அம்முணி," என்பார். அவள் ஒவ்வொன்றையும் நீவி, துளை போட்டு, பைலில் கோத்து, பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதுவாள்: எதற்கு, எவ்வளவு, எப்போது, கூட எதைச் சாப்பிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புக் கெமிஸ்ட்ரிக்குப் படிக்கும் நேரத்திலும் இதற்கு ஒரு மணி நேரம் தனியாக வைத்திருந்தாள். வாயில் நுழையாத பேர்களை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாள், நான் தோசை ஊற்றும்போது எதிரே அவை இருக்கும், படிக்கத் தெரியாததில் ஒரு நிம்மதி. ஒன்றை மட்டும் அவள் சத்தமாகச் சொல்லிப் பழகும்போது கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். மெத்தோட்ரெக்சேட். போன மாதம் முழுக்க என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்கதான் பிரின்சிபால், இதைக் கேளுங்கத்தை," என்று தமிழில் எழுதிய கேள்விச் சீட்டைக் கையில் கொடுப்பாள். நீ ஏன் பார்மஸி படிக்க விரும்புகிறாய் என்று நான் கேட்பேன், எனக்கே கூச்சமாக இருக்கும். பதினான்கு முறை கேட்டேன். எங்க ஊர்ல டாக்டர் எழுதுனதைப் பொறுமையா வெளக்கிச் சொல்ல ஆள் இல்லீங்க என்பாள், கெமிஸ்ட்ரி எனக்குப் பிடிக்கும் என்பாள், ஒரு முறை சிரித்துக்கொண்டே மாத்திரை வாசனையே பிடிக்கும் என்றாள். பதினான்கு முறையும் அதைச் சொல்லவில்லை. சொல்லமாட்டாள் என்று நானும் நம்பினேன். எனக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததை அவள் தாளுக்கு வைத்திருந்திருக்கிறாள்.

கோடு போட்ட சட்டைக்காரரின் பெண்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேர் எழுந்து போனார்கள், எட்டு. கட்டணம் இல்லாத இடம் மூன்று, பிள்ளைகள் ஐந்து. இது கிடைக்காவிட்டால் மௌனிகாவுக்கு இந்தப் படிப்பு இல்லை, பக்கத்தில் ஏதாவது ஒரு டிகிரி, அதை அவள் எங்களிடம் ஒரு தடவைதான் சொன்னாள், அழாமல். எனக்கு அவள் இடம் கிடைக்க வேண்டும். அந்தத் தாளை யாரும் சத்தமாகப் படிக்காமல் கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வேண்டிக்கொள்வது சரியா என்று தெரியவில்லை. ஒன்றை வேண்டினால் இன்னொன்று குறுக்கே வருகிறது.

சிந்தாமணியின் மூட்டு வியாதிக்கு டாக்டர் எழுதியது இரண்டு மாத்திரை. ஒன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும், வாரத்துக்கு ஒன்றே ஒன்று, அது வீரியமானது, அந்த மெத்தோட்ரெக்சேட். இன்னொன்று வெறும் சத்து மாத்திரை, மற்ற ஆறு நாளும் தினம் ஒன்று. இரண்டும் மஞ்சள், இரண்டும் சின்னது. முதலில் பட்டையிலிருந்து நானே பிதுக்கிக் கொடுத்துவந்தேன். பிறகு வேலை நேரம் மாறி நான் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டிவந்ததும், மொத்தமாகப் பிதுக்கி டப்பியில் போட்டு வைத்துவிடலாம், அவளே எடுத்துக்கொள்வாள் என்று யோசனை சொன்னது நான். எண்ணவும் சுலபம். மௌனிகா பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில் இரண்டு டப்பி வாங்கி வந்தாள், ரோஸ் மூடி போட்டது. அலமாரியில் இடது பக்கம் இருப்பது தினமும், வலது பக்கம் ஞாயிறு என்று பேச்சு, சிந்தாமணிக்கு இடது கைப் பழக்கம், எட்டி எடுக்கத் தோதாக இருக்கட்டும் என்று. அந்த ஞாயிறு அவளுடைய மாத்திரையை நானே கையில் கொடுத்துவிட்டு, டப்பிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, புதிதாக வாங்கின பட்டைகளைப் பிதுக்கி நிரப்பி அலமாரியில் வைத்தேன். குடோனில் தினம் லாரி ஏறுகிற சரக்கு எப்போதும் வலது கைப் பக்கம். உடைசல் முட்டை இடது பக்கம், வாரத்துக்கு ஒரு நாள் பேக்கரி வண்டி வந்து எடுத்துப்போகும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. தினமும் போவது வலது, வாரத்துக்கு ஒன்று இடது. முப்பது வருஷத்துக் கை. கை வைத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கை வைத்ததைக் கண் சரி என்றது.

தினம் சாயங்காலம் வந்து எண்ணுவேன். இடது டப்பியில் ஒன்று குறைந்திருக்கும். சரி. மறுநாள் இன்னொன்று குறைந்திருக்கும். சரி. ஞாயிறு வலது டப்பியில் ஒன்று குறைந்தது. சரி. இரண்டு டப்பியிலும் ஒரே அளவு போட்டிருந்ததால் எண்ணிக்கை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. என் கணக்கு இம்மி பிசகாமல் இருந்தது, அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது, பிசகியிருந்தால் நிறுத்தியிருப்பேன். திங்கள் முதல் சனி வரை ஆறு. அடுத்த திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து. அந்த வெள்ளிக்கிழமை சிந்தாமணியால் ரசம்கூட விழுங்க முடியவில்லை, வாய் முழுக்கப் புண், உடம்பு கொதித்தது. மௌனிகா அப்போது பத்தாவது. இரண்டு டப்பியையும் எடுத்து, நான் எறியாமல் வைத்திருந்த காலிப் பட்டைகளை எடுத்து, ஒரு மாத்திரையை அதன் குழியில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அடுத்த பட்டையின் குழியில் வைத்தாள். பொருந்தியது. "அத்தை, ரெண்டும் மாறிப் போச்சுங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கும் என்று கேட்டார். நான் மௌனிகாவின் பக்கம் குனிந்தேன். அவள் காதில் சொன்னேன், அவள் டாக்டரிடம் சொன்னாள், பதினொன்று. நிச்சயமா என்றார். அத்தை எண்ணினா நிச்சயங்க என்றாள். அந்த எண்ணை வைத்துத்தான் மாற்று மருந்து கொடுத்தார்கள். பதினேழு நாள் ஆஸ்பத்திரி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிந்தாமணியிடம் சொன்னது மௌனிகா. நான் பக்கத்தில் நின்றேன், மறுக்கவில்லை. இரண்டரை வருஷமாக மறுக்கவில்லை.

கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டில் இருக்கிற நாத்தனார். அவள் கையால் தம்பி மனைவிக்கு மாத்திரை மாறியது. இதை வெளியே யார் எப்படிச் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும், தெருவில் ஒரு சொல் போதும், நாத்தனார் மருந்து வெச்சுட்டா. ஆனால் தெருவுக்கு நான் பயப்படவில்லை. இது வேறு. டப்பி நிரப்பின ஞாயிற்றுக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரிகள் நாலு பேர் நடுவில் சிந்தாமணி சிரித்துக்கொண்டே, "எங்க நங்கையா நான் விடுற மூச்சையும் எண்ணிப் போடுவாங்க," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் டப்பியை வைத்த கையில் அது இருந்ததா. குடோன் பழக்கம்தான், வேறொன்றும் இல்லை, ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழக்கம் என்றால் அதற்கு முன் வீட்டில் சாமான் எதையும் அப்படி மாற்றி வைத்ததில்லையே. வைத்திருப்பேன், கவனித்திருக்கமாட்டேன். இல்லை, நான் கவனிக்காமல் எதையும் வைக்கிற ஆள் இல்லை. அப்படியானால். இங்கே வந்து நின்றுவிடும், இரண்டரை வருஷமாக இதே இடத்தில் வந்து நின்றுவிடும், பாதை இல்லை, திரும்பி மறுபடி அலுமினியத் தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

"மௌனிகா குழந்தைவேல்," என்கிறார் பியூன். "வீட்டாளுங்களும் வாங்க." நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன், சிந்தாமணி ஏற்கெனவே என் முழங்கையைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள், அவள் எழுவதற்கு யாராவது வேண்டும்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். நரைத்த முடியை வாரி முடிந்த ஒரு மேடம், குறிப்பு எழுதுகிற ஒரு சார். நாற்காலி மூன்றுதான் இருந்தது, பியூன் இன்னொன்று கொண்டுவந்தார். மேடம் மௌனிகாவிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், அடுப்படியில் கேட்ட பேர்கள் வந்தன, சார் தலையாட்டினார். பிறகு மேடம் தாளை எடுத்தார். எங்களைப் பார்த்துத் தமிழில் பேசினார். "உங்க பொண்ணு எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எல்லாரும் சேவை செய்யணும்னு எழுதுவாங்க. தான் செஞ்ச தப்பை யாரும் எழுதுறதில்லை. பத்தாவது படிக்கிறப்ப அம்மாவோட மாத்திரையை டப்பி மாத்திப் போட்டுட்டேன், பதினோரு மாத்திரை அம்மா சாப்பிட்டுட்டாங்கன்னு எழுதியிருக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

குழந்தைவேலின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சிந்தாமணி மேடத்தைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். "நீயா கண்ணு," என்றாள். மௌனிகா குனிந்திருந்தாள். நான் அப்போது யோசித்தது இதுதான், ஒளிக்காமல் எழுதுகிறேன்: பேசாமல் இருந்தால் இடம் கிடைத்துவிடும். மேடத்துக்குப் பிடித்திருக்கிறது. பெற்றவள் பிள்ளையை மன்னிக்க எத்தனை நாள் ஆகும், ஒரு நாள், இரண்டு நாள். நான் வாயைத் திறந்தால் மௌனிகா பொய் எழுதினவள் ஆவாள், இந்த மேசைக்கு முன்னாலேயே. பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. பேசாமல் இருப்பது எனக்கு வரும். ஆனால் சிந்தாமணி மகளைப் பார்த்த பார்வை, அது என் இடத்துக்கு வர வேண்டிய பார்வை, தவறின விலாசத்தில் போய் நிற்கிறது, ஆளைத் தப்பாக எண்ணிவிட்டார்கள், ஒன்று தப்பாக இருக்கும்போது என்னால். "அவ இல்லீங்க," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "டப்பியில போட்டது நான். மாத்தி வெச்சது நான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீ எழுதினது என்னம்மா?" மௌனிகா எழுந்து நின்றாள். "டப்பி வாங்கினது நான்தான் மேடம். கடையில நீல மூடியும் இருந்துச்சு. ரோஸ் அழகா இருக்குன்னு ரெண்டும் ரோஸா வாங்கினேன். பேர் எழுதி ஒட்டணும்னு எனக்குத் தோணலை. அத்தைக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும். நான் அந்தப் பட்டையை ஒரு நாள் படிச்சிருந்தாப் போதும்." "ஆனா நீ போட்டேன்னு எழுதியிருக்க." "ஆமாங் மேடம்." "நடக்காததை எழுதி இங்க ஒரு மருந்தும் வெளிய போக முடியாது. தெரியுமா?" "தெரியுங் மேடம்." சார் தன் தாளில் என்னவோ குறித்தார். எண்ணாக இருந்தால் தலைகீழாகவும் படித்திருப்பேன், எழுத்தாக இருந்தது. மேடம் பேனாவை எடுத்து நடுப்பத்தியைக் குறுக்கே அடித்தார், நிதானமாக, ஒவ்வொரு வரியாக. "வெளியில உக்காந்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டா. மத்த ரெண்டு பேரைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள."

வெளியே வந்தோம். குழந்தைவேல் எங்களைத் தாண்டிப் படியிறங்கிக் கீழே போய் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ராசிபுரத்து அம்மா என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க என்று கேட்டுக்கொண்டே மகனோடு உள்ளே போனாள். மௌனிகா மடியில் பைலை வைத்து, அதன்மேல் புதுத் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். நான் ஒரு கோடியில், சிந்தாமணி ஒரு கோடியில், நடுவில் அவள். "அத்தை, டப்பியை நெரப்புனது என்ன கிழமைங்க?" "ஞாயிறு." "ஏன் மாறுச்சுன்னு எழுதட்டுங்களா?" குடோனைச் சொன்னேன், வலது கைப் பக்கம், இடது கைப் பக்கம், பேக்கரி வண்டி. அதற்கு முந்தின நாள் சிரிப்பையும் சொல்ல வாயெடுத்தேன். சிந்தாமணியே பேசினாள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "சனிக்கெழமை நான் பேசுனது அதுல உண்டுங்களா நங்கையா?" இந்த இரண்டரை வருஷத்தில் அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் எண்ணியதில்லை. "தெரியலை," என்றேன். "எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன். தெரியலை." மௌனிகாவின் பேனா நின்றது. "அதை எழுத வேண்டாம்," என்றாள் சிந்தாமணி மகளிடம். "அது எங்க ரெண்டு பேத்துக்குள்ள." மறுபடி பேனா ஓடியது. "அந்த ஞாயித்துக்கெழமை மாத்திரை மொத்தம் எத்தனைங்கத்தை வாங்கினது?" "ரெண்டு பட்டை. இருபது." அவள் எழுதினாள். எண்களை மட்டும் என்னால் பார்க்க முடிந்தது.

சிந்தாமணி வீங்கின விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள், கோபம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு முகம். "புள்ள அன்னைக்குக் கண்டுபிடிக்கலைன்னா நான் தெனம் ஒண்ணு எடுத்துத் தின்னுட்டேதான இருந்திருப்பேன்," என்றாள். "ஆமாம்," என்றேன். "அந்த டப்பியில இன்னும் எத்தனை இருந்துச்சு நங்கையா?"

இதை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஒன்பது, என்றேன்.